ஆக்சிஜன் ஏற்றினால் மூட்டுத் தேய்மானம் சரியாகுமா?

அம்மாவின் முழங்கால் குருத்தெலும்புக்கு ஆக்சிஜன் போதவில்லை, ஏற்றினால் சரியாகும் என்று ஒருவர் பேக்கேஜ் விற்பதாகச் சொன்னீர்கள். பணம் கட்டாதீர்கள். குருத்தெலும்பில் ரத்தக் குழாயே கிடையாது. காற்றில் ஆக்சிஜன் 21 சதவீதம். குருத்தெலும்புச் செல்களோ ஏறக்குறைய 1 முதல் 7 சதவீதத்திலேயே வாழப் பழகியவை. அந்தக் குறைவில்தான் ஹெச்ஐஎஃப்-1 ஆல்ஃபா என்ற புரதம் நிலைத்து நின்று அவற்றைக் காக்கிறது, குருத்தெலும்புக்கு உறுதி தரும் கொலாஜன் என்ற நார்ப்புரதத்தைச் செய்யவும் தூண்டுகிறது. தேய்மானத்தில் கதை வேறு. அழற்சி வரும்போது அந்தப் புரதத்தின் பங்காளியான ஹெச்ஐஎஃப்-2 ஆல்ஃபா பெருகி, கொலாஜனை அரிக்கும் நொதிகளை ஏவிவிடுகிறது; 2010இல் எலிகளில் இதைக் காட்டினார்கள். ஆக்சிஜன் ஏற்றி இதை அடக்க முடியாது.

அப்புறம், அந்தச் செல்களுக்கு உணவு மூட்டுத் திரவத்திலிருந்து ஊறித்தான் வருகிறது, அதற்கு அசைவு உதவும். அம்மாவை உட்காரவைத்துவிடாமல், தொடைத் தசைப் பயிற்சிக்கு நல்ல பிசியோதெரபிஸ்ட்டிடம் கூட்டிப் போங்கள்.