நண்பரின் விண்டோஸ் 7 டிவிடியைப் போட்டால் லப்டொப்பின் லைசன்ஸ் கீ செல்லாது என்கிறது. கீ பழுதா?

கீ பழுதாக இருக்காது. நண்பர் தந்தது அநேகமாக அல்டிமேட் டிவிடி, உங்கள் லப்டொப்பின் அடியில் இருப்பது ஹோம் பேசிக் அல்லது ஹோம் பிரீமியம் ஸ்டிக்கர். விண்டோஸ் 7இல் எந்தப் பதிப்போ அந்தப் பதிப்பின் கீதான் ஏறும். 32 பிட்டா 64 பிட்டா என்பதில் கீக்குப் பிரச்சினை இல்லை, ஒரே கீ இரண்டுக்கும் செல்லும்.

இதை இவ்வளவு அடித்துச் சொல்லக் காரணம் உவர்மலையில் இருக்கும் என் அக்கா. பள்ளிக்கூட வினாத்தாள் எல்லாம் அவ அடிக்கிற லப்டொப். வைரஸ் என்று டவுனில் ஒரு கடையில் கொடுத்தா, அவர்கள் ஹோம் பிரீமியம் ஸ்டிக்கர் ஒட்டிய மெஷினுக்குக் கையில் கிடந்த அல்டிமேட்டைப் போட்டு, கீ இல்லாமல் ஓடவைக்கும் கிராக் அடித்து, காசும் வாங்கிவிட்டார்கள். கொஞ்ச நாளில் திரை கறுத்து, கீழ் மூலையில் இது அசல் விண்டோஸ் இல்லை என்று வந்து நின்றது. கேட்டதற்குக் கடைக்காரர், "அல்டிமேட்தானே டீச்சர் எல்லாத்திலும் பெரிசு" என்றாராம். காசு கொடுத்து வாங்கிய லைசன்ஸ் அடியில் ஒட்டிக் கிடக்க, உள்ளே களவு விண்டோஸ்!

கவிழ்த்துப் பார்த்தால் ஸ்டிக்கர் உரசி உரசிப் பாதி அழிந்துவிட்டது. அத்தான் போன் டோர்ச்சைச் சரித்துப் பிடிக்க, நான் ஒவ்வொரு எழுத்தாக எழுதினேன். ஒன்று தெரிந்தால் பாதிச் சண்டை மிச்சம்: விண்டோஸ் 7 கீயில் 0, 1, 5 வரவே வராது, ஓ, ஐ, எஸ் எழுத்துகளும் வராது. 8ஐயும் 'பி'யையும்தான் மாறி மாறிப் போட்டுப் பார்க்க வேண்டும்.

டிவிடிக்கு எங்கும் அலையவில்லை. ஒழுங்கான அல்டிமேட் டிவிடி என்றால் மற்றப் பதிப்புகளும் அதற்குள்ளேயே இருக்கும். 'சோர்சஸ்' ஃபோல்டரில் உள்ள 'ஈஐ.சிஎஃப்ஜி' என்ற சின்ன ஃபைல்தான் ஒன்றை மட்டும் காட்டுகிறது. யூஎஸ்பிக்கு மாற்றி அந்த ஃபைலை அழித்தால் பட்டியல் வரும், ஹோம் பிரீமியத்தைத் தெரிவு செய்தேன், கீ ஏறியது. லப்டொப் கம்பனியின் ரிகவரி டிஸ்க் கிடைத்தால் அதே பிராண்டாகப் பாருங்கள், மற்றதில் பெரும்பாலும் ஏறாது.

இதுவும் களவுதானே என்று ஒருவர் வருவார். இல்லை ஐயா, லைசன்ஸ் கீயில் இருக்கிறது, டிவிடியில் இல்லை. விண்டோஸ் 7க்கான ஆதரவு 2020 ஜனவரி 14ஓடு முடிந்ததும் தெரியும். இன்டர்நெட் தொடாமல் வினாத்தாள் அடிக்கிற 2 ஜிபி ரேம் மெஷினுக்கு வேறு என்னத்தைப் போடச் சொல்கிறீர்கள்? விண்டோஸ் 8க்குப் பிறகு வந்த லப்டொப்புகளில் இந்தத் தொல்லை குறைவு, கீ மதர்போர்டிலேயே இருக்கும்.

போமற் அடிக்க முன் ஃபொன்ட் ஃபோல்டரையும் கொப்பி பண்ணி வையுங்கள். கடைக்காரர் அதைச் செய்யாததால் அக்கா பாமினி என்ற பழைய தமிழ் ஃபொன்டில் அடித்த வினாத்தாள் எல்லாம் ஆங்கில எழுத்துக் குப்பையாகத் திறந்தது. எங்கே திறந்தாலும் தமிழாகவே தெரியும் யூனிகோடுக்கு மாறச் சொன்னால், "அச்சகத்தில் பாமினிதான் கேட்கிறார்கள்" என்கிறா. போனில் பச்சைப் பிள்ளையும் யூனிகோடில் தமிழ் அடிக்கிறது, இவர்களுக்கு மட்டும் என்ன கஷ்டமோ தெரியவில்லை.