வாசகர் கேள்வி–பதில்: அயர்லாந்தில் வேர் தேடுவோருக்கு

கேள்வி: என் மருமகன் அயர்லாந்து வம்சாவளி. அவருடைய கொள்ளுத்தாத்தா மர்ஃபி, 1868 வாக்கில் கார்க் மாவட்டத்தில் பிறந்தவர். அதற்கு மேல் தெரியவில்லை. 1922-இல் ஆவணமெல்லாம் எரிந்துவிட்டதாமே, தேடிப் பயனுண்டா?

பதில்: தாராளமாகத் தேடலாம். அரசுப் பொது ஆவணக் காப்பகம் இருந்த டப்ளின் ஃபோர் கோர்ட்ஸ் நீதிமன்ற வளாகத் தீயில் போனவை 1821 முதல் 1851 வரையிலான மக்கள்தொகைக் கணக்குகளில் பெரும்பகுதி, உயில்கள், 'சர்ச் ஆஃப் அயர்லாந்து' (ஆங்கிலிக்கன் திருச்சபை) பதிவேடுகளில் பாதிக்கு மேல். கத்தோலிக்கப் பதிவேடுகள் அந்தந்தப் பங்கின் (ஒரு தேவாலயத்துக்கு உட்பட்ட பகுதி) கோயிலிலேயே இருந்ததால் தப்பின. பிறப்பு, திருமண, இறப்புப் பதிவுகளும் அங்கே இல்லை, பிழைத்தன.

ஆனால் அயர்லாந்தில் தொடங்காதீர்கள். மர்ஃபி அங்கே மிகப் பரவலான குடும்பப்பெயர்; கார்க்கோ மிகப் பெரிய மாவட்டம். அவர் குடியேறிய நாட்டின் திருமணப் பதிவு, இறப்புப் பதிவு, கல்லறைக் கல் ஆகியவற்றில் பெற்றோர் பெயரையும் 'டவுன்லேண்ட்' பெயரையும் முதலில் தேடுங்கள். டவுன்லேண்ட் என்பது நம் குக்கிராமம் போன்ற மிகச் சிறிய நிலப்பிரிவு. நாடு முழுக்க 60,000-க்கு மேல் உண்டு. ஒரே பெயரில் பல இருக்கும்.

1864 ஜனவரி முதல் எல்லாப் பிறப்பையும் பதிய வேண்டும் என்ற சட்டம் இருந்தது. 'ஐரிஷ் ஜீனியாலஜி' என்ற அரசுத் தளத்தில் 100 ஆண்டு கடந்த பிறப்புப் பதிவுகளின் படங்கள் இலவசம் (திருமணத்துக்கு 75, இறப்புக்கு 50 ஆண்டு). அக்காலப் பிறப்பு அட்டவணையில் (தேடும்போது வரும் பெயர்ப் பட்டியல்) தாயின் பெயர் பெரும்பாலும் இராது. ஆகவே 1866 முதல் 1870 வரை பொருந்தும் ஒவ்வொரு படத்தையும் திறந்து, தாயின் பிறந்தவீட்டுப் பெயரைப் பாருங்கள். அலுப்பான வேலைதான், ஆனாலும் குறுக்குவழி கிடையாது.

கேள்வி: ஞானஸ்நானத் தேதி, அரசுப் பதிவிலுள்ள பிறந்த தேதிக்கு மூன்று வாரம் முந்தி இருக்கிறதே! தவறான குழந்தையா?

பதில்: அநேகமாகச் சரியான குழந்தைதான். தாமதமாகப் பதிந்தால் அபராதம். அதற்குப் பயந்து பெற்றோர் பிறந்த நாளைத் தள்ளிச் சொல்வது சாதாரணம். கோயில் பதிவேட்டுத் தேதியையே நம்புங்கள். பெற்றோர் பெயரும் ஊரும் ஒத்துப்போகிறதா என்பது முக்கியம்.

கோயில் பதிவேடுகளின் படங்கள் அயர்லாந்து தேசிய நூலகத் தளத்தில் ஏறத்தாழ 1880 வரை இலவசம். பல பங்குகளில் லத்தீன்தான். 'யாக்கோபுஸ்' என்றிருந்தால் ஜேக்கப் அல்ல, ஜேம்ஸ். 'குலியெல்முஸ்' வில்லியம். 'ஹொனோரா' வேறிடத்தில் நோரா ஆவாள். பெயரின் ஈறும் மாறும்: 'யாக்கோபி' என்றால் 'ஜேம்ஸின்' மகன் அல்லது மகள். ஞானப்பெற்றோர் பெயர்களையும் விடாமல் எழுதிக்கொள்ளுங்கள். பெரும்பாலும் மாமா, அத்தை, சித்தி முறையாக இருப்பார்கள். ஒரே பெயருள்ள இரண்டு குடும்பங்களைப் பிரித்துக்காட்ட இதைவிட நல்ல துப்பு இல்லை.

திருமணப் பதிவு பெரும்பாலும் மணமகளின் பங்கில் கிடைக்கும்; மணமகன் ஊரில் தேடி ஏமாறாதீர்கள்.

கேள்வி: 1901 மக்கள்தொகைக் கணக்கில் 56 வயதான பெண்மணி, 1911-இல் 71 ஆகிவிட்டார். எப்படி?

பதில்: 1909 ஜனவரியில் 70 வயதானோருக்கு முதியோர் ஓய்வூதியம் வந்தது. சிலர் வயதைக் கூட்டினார்கள். பலருக்கு உண்மையிலேயே தம் வயது தெரியாது. 1864-க்கு முன் பிறந்தோருக்கு அரசுச் சான்று இல்லாததால், 1841, 1851 கணக்குகளில் தேடித்தரும்படி அதிகாரிகளுக்கு விண்ணப்பித்தார்கள். 1922-இல் எரிந்தது அந்த மூலக் கணக்கு; விண்ணப்பப் படிவங்கள் தேசிய ஆவணக் காப்பகத் தளத்தில் இன்றும் உள்ளன. அந்தப் பெண்மணியை அங்கே தேடுங்கள். பெற்றோர் பெயர், டவுன்லேண்ட், பங்கு மூன்றும் ஒரே தாளில் கிடைக்கக்கூடும்.