30 நாள் கெடு

அன்புள்ள ஐயா,

தென்னாப்பிரிக்காவின் பிரிட்டோரியாவில் வேலை பார்க்கிறேன். எங்கள் குடியிருப்பை ஒட்டி, காங்கோவிலிருந்தும் சோமாலியாவிலிருந்தும் தப்பி வந்த குடும்பங்கள் இருக்கின்றன. நண்பர்கள் நாலைந்து பேர் சேர்ந்து மாதாமாதம் மக்காச்சோள மாவு, எண்ணெய், குளிருக்குப் போர்வை கொடுத்து வருகிறோம். அதில் ஒரு காங்கோப் பெண்ணுக்கு அடுத்த மாதம் பிரசவம். குழந்தை எந்த நாட்டுக் குடிமகன் என்று கேட்டால் யாருக்கும் தெரியவில்லை. அவர்கள் தூதரகத்தில் பாஸ்போர்ட் எடுத்துவிட்டால் சிக்கல் தீருமா? செலவை நாங்கள் ஏற்கத் தயார். வேறு என்ன செய்யலாம்?

– பெயர் வெளியிட விரும்பாத வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

தூதரக யோசனையை இப்போதே விட்டுவிடுங்கள். அந்தப் பெண்ணிடம் இருக்கும் தாளை வாங்கிப் பாருங்கள். புகலிடம் கேட்டு முடிவுக்குக் காத்திருப்பவருக்கு 'செக்‌ஷன் 22' தாள். அகதி என்று ஏற்கப்பட்டவருக்கு 'செக்‌ஷன் 24' தாள். இரண்டில் எது இருந்தாலும் அவர் சொந்த நாட்டுத் தூதரகப் படி ஏறக்கூடாது. எந்த அரசுக்குப் பயந்து ஓடிவந்தாரோ அதே அரசிடம் போய் அடைக்கலம் கேட்டதாக அது எடுத்துக்கொள்ளப்படும். 2020 ஜனவரியில் நடப்புக்கு வந்த சட்டத் திருத்தங்களுக்குப் பிறகு இதில் கெடுபிடி கூடிவிட்டது. நீங்கள் நல்ல மனதோடு கட்டும் பணம் அவருடைய அகதி நிலையையே பறித்துவிடலாம்.

எந்த நாடும் தன் குடி என்று ஏற்காத நாடற்றவரின் நிலை இதற்கு நேர்மாறு. 'இவர் எங்கள் குடிமகன் அல்ல' என்று தூதரகம் எழுதித் தரும் கடிதம்தான் அவருக்கு ஆதாரம். ஒரே படிதான். ஒருவர் ஏறியே ஆகவேண்டும், இன்னொருவர் ஏறவே கூடாது. அதனால்தான் தாளைப் பார்க்காமல் யாருக்கும் யோசனை சொல்லக்கூடாது என்கிறேன்.

இனி குழந்தைக்கு வருவோம். தென்னாப்பிரிக்காவில் பிறந்த மாத்திரத்தில் குடியுரிமை வந்துவிடாது. பெற்றோரில் ஒருவராவது அந்நாட்டுக் குடிமகனாக இருக்கவேண்டும். ஆனால் 1995-ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தில் இரண்டு வாசல்கள் உண்டு. வேறெந்த நாட்டுக் குடியுரிமையும் கிடைக்க வழியில்லாத குழந்தை அங்கே பிறந்திருந்தால் அது பிறப்பாலேயே குடிமகன். மற்றது, அங்கே பிறந்து 18 வயதுவரை அங்கேயே வளர்ந்த பிள்ளை விண்ணப்பிக்கலாம். இரண்டுக்கும் பொதுவான நிபந்தனை: பிறப்பு பதிவாகியிருக்க வேண்டும். உங்கள் காங்கோக் குடும்பத்துக்கு அநேகமாக இரண்டாவது வாசல்தான்.

பதிவுக்குக் கெடு 30 நாள். அதைத் தாண்டினால் தாமதப் பதிவு. கூடுதல் ஆவணம், விசாரணை, பல மாத அலைச்சல். கெடு எங்கே தவறுகிறது என்று கேட்டால், பெரும்பாலும் தாயின் தாளில்தான். உள்துறை அலுவலகத்தில், அங்குள்ளவர்கள் சொல்லும் ஹோம் அஃபேர்ஸில், பதிவு செய்யும் நாளன்று தாயின் தாள் காலாவதியாகாமல் இருக்கவேண்டும். ஆகியிருந்தால் கவுண்டரிலேயே திருப்பி அனுப்பிவிடுவார்கள். புதுப்பிப்பதை 2021-லிருந்து இணையம் வழியாகச் செய்ய முடிகிறது. புதிய தாள் மின்னஞ்சலில் வரும். பலருக்கு அந்த மின்னஞ்சலைத் திறந்து கொடுத்தவர் இன்டர்நெட் கடைக்காரர், கடவுச்சொல்லும் அவரிடமே. சிம் மாறியிருக்கும், கடை மூடியிருக்கும். அந்தப் பெண்ணுக்கென்று ஒரு மின்னஞ்சல் தொடங்கி, கடவுச்சொல்லை அவர் கையாலேயே எழுதிவைக்கச் செய்யுங்கள். போர்வையை விட இது பெரிய உதவி.

பிரசவத்துக்கு உங்களில் ஒருவர் கூடப் போகவேண்டும். 2022-இலும் 2025-இலும் சில கும்பல்கள் அரசு மருத்துவமனை வாசலில் நின்று, அடையாள அட்டை கேட்டு வெளிநாட்டவரைத் துரத்தின. மருத்துவக் காப்பீடு இல்லாத கர்ப்பிணிக்கும், பாலூட்டும் தாய்க்கும், 6 வயதுக்குட்பட்ட குழந்தைக்கும் அங்கே கட்டணம் இல்லை. எந்த நாட்டவர், தாள் இருக்கிறதா என்று பார்க்கக்கூடாது என்று 2023-இல் ஜோஹன்னஸ்பர்க் உயர்நீதிமன்றம் உத்தரவிட்டிருக்கிறது. அதன் நகல் கையில் இருக்கட்டும்.

வீடு திரும்புமுன் மருத்துவமனை கையெழுத்திட்டு முத்திரையிட்ட பிறப்பு அத்தாட்சிப் படிவத்தை வாங்கிவிடுங்கள். தடுப்பூசி விவரம் எழுதும் 'ரோடு டு ஹெல்த்' புத்தகத்தைப் பிறப்புச் சான்றிதழ் என்று நம்பிப் பல தாய்மார்கள் பத்திரமாக வைத்திருப்பார்கள். குழந்தையைப் பள்ளியில் சேர்க்கப் போகும்போதுதான் உண்மை தெரியும்.

பெயரை எழுத்து எழுத்தாகச் சரிபாருங்கள். சோமாலியர்களுக்குக் குடும்பப் பெயர் கிடையாது. தன் பெயர், அப்பா பெயர், தாத்தா பெயர், அவ்வளவுதான். நம் இனிஷியல் வெளிநாட்டுப் படிவங்களில் படும் பாடு உங்களுக்குத் தெரியுமே, அதே பாடு. தாளில் ஒருவிதமாகவும் மருத்துவமனைப் படிவத்தில் வேறுவிதமாகவும் இருந்தால் பதிவு நின்றுபோகும். திருத்துவதைப் பிரசவத்துக்கு முன்பே முடித்துவிடுவது நல்லது.

திருமணச் சான்று இல்லாவிட்டால் தகப்பனும் கூடவே போய், குழந்தை தன்னுடையது என்று அங்கே ஒப்புக்கொள்ள வேண்டும். தாய் வரமுடியாத நிலையில் மணமாகாத தகப்பனே பதிவு செய்யலாம் என்பது 2021-இல் அரசியல் சாசன நீதிமன்றம் தந்த உரிமை.

கிடைக்கும் சான்றிதழ் கையால் எழுதியது. அடையாள எண் இருக்காது. அதைப் பார்த்து 'போலி' என்பவர்கள் உண்டு, கலங்க வேண்டாம். காவல் நிலையத்தில் இலவசமாகவே நகலுக்குச் சான்றொப்பம் தருவார்கள். அடுத்து, அந்தச் சான்றிதழைக் கொண்டு அகதிகள் வரவேற்பு அலுவலகத்தில் தாயின் கோப்பில் குழந்தையைச் சேர்க்கவேண்டும். இதை விட்டுவிடுகிறவர்கள் நிறைய. தாய்க்குத் தாள் இருக்கும், பிள்ளைக்கு இருக்காது.

பிறகு ஒரு பிளாஸ்டிக் உறை. தடுப்பூசிப் புத்தகம், ஒவ்வோர் ஆண்டின் ரிப்போர்ட் கார்டு, எதையும் எறியக்கூடாது. 18 வயதில் 'இந்தப் பிள்ளை இங்கேயே வளர்ந்தது' என்று காட்டப்போவது அவைதான். ஒருவேளை சான்றிதழ் கிடைக்காமல் போனாலும் பள்ளி சேர்க்க மறுக்க முடியாது. 2019 டிசம்பரில் மகாண்டா உயர்நீதிமன்றம் அதைத் தெளிவாகச் சொல்லிவிட்டது.

நாடற்ற குழந்தைக்கான அந்த முதல் வாசல்தான் வலிக்கிறது. கியூபப் பெற்றோருக்கு 2008-இல் அங்கே பிறந்த ஒரு சிறுமியை இரு நாடும் ஏற்கவில்லை. வழக்கு உச்ச மேல்முறையீட்டு நீதிமன்றம் வரை போனது. 2016-இல் அவள் வென்றாள். நாடற்ற குழந்தைகளுக்கான விதிகளை 18 மாதத்துக்குள் வகுக்கவும் நீதிமன்றம் சொன்னது. கெடு கடந்தும் விதி வரவில்லை. விதி இல்லை என்றால் படிவம் இல்லை. படிவம் இல்லாமல் கவுண்டரில் யாரிடம் எதை நீட்டுவது? ஒவ்வொரு குழந்தைக்கும் ஒரு வழக்கறிஞர் தேவைப்படுகிறது. பிரிட்டோரியாவிலேயே 'லாயர்ஸ் ஃபார் ஹியூமன் ரைட்ஸ்' அமைப்பு இலவசமாக இந்த வழக்குகளை எடுத்து நடத்துகிறது. பக்கத்துக் குடும்பங்களில் அப்படி ஒரு பிள்ளை இருந்தால் அங்கே அழைத்துப் போங்கள்.

மாவும் எண்ணெயும் தொடரட்டும். கூடவே டாக்ஸிக் காசும் போன் டேட்டாவும் சேருங்கள். பிரசவத்துக்கு ஒரு மாதம்தான் இருக்கிறது. தாளில் காலாவதித் தேதி என்ன போட்டிருக்கிறது என்று இன்றே பார்த்து எழுதுங்கள்.