கூடாத கூட்டத்துக்குக் கையெழுத்துப் போடலாமா?

கேள்வி: ஒரு சிறிய தொண்டு நிறுவனத்தில் நான் பொருளாளர். நிறுவனரே தலைவர், அவர் வைத்ததுதான் சட்டம். நிர்வாகக் குழு கூடுவதே இல்லை. கூடியதாக எழுதிய தீர்மானப் புத்தகம் வீட்டுக்கு வரும், கையெழுத்துப் போட்டு அனுப்புவேன். இப்போது அலுவலகத்தை அவருடைய மைத்துனர் கட்டடத்துக்கு வாடகைக்கு மாற்றப்போகிறார்கள். பிரச்சினை வந்தால் நானும் மாட்டுவேனா? விலகிவிடட்டுமா?

பதில்: மாட்ட வாய்ப்பு உண்டு. 'சொன்ன இடத்தில் கையெழுத்துப் போட்டேன், வேறொன்றும் தெரியாது' என்பது நீதிமன்றத்தில் எடுபடுவது கடினம். அதையே பொருளாளர் சொன்னால் இன்னும் கடினம். சம்பளமில்லாத பதவி என்பது மட்டும் உங்களைக் காப்பாற்றாது. நடக்காத கூட்டத்தை நடந்ததாக எழுதுவது பொய் ஆவணம். இனி அந்தப் புத்தகம் வந்தால் கையெழுத்துப் போடாமல் திருப்பி அனுப்புங்கள்.

வாடகை விஷயத்துக்கு வருவோம். 1726இல் இங்கிலாந்தில் கீச் எதிர் சாண்ட்ஃபோர்ட் என்றொரு வழக்கு. ஒரு சிறுவனுக்காகச் சந்தைக் குத்தகையைப் பொறுப்பில் வைத்திருந்தார் ஓர் அறங்காவலர். சிறுவன் பேரில் புதுப்பிக்க உரிமையாளர் மறுத்ததும், அதைத் தன் பேரிலேயே எடுத்துக்கொண்டார். மோசடி என்று யாரும் சொல்லவில்லை. ஆனாலும் குத்தகையும் லாபமும் சிறுவனுக்கே என்றது நீதிமன்றம். கொஞ்சம் கடுமைதான். ஆனால் பொறுப்பில் இருப்பவர் அதை வைத்துத் தானும் ஆதாயம் பார்க்கக் கூடாது என்ற கொள்கை அங்கிருந்துதான் வலுப்பெற்றது.

அதற்காக உறவினர் கட்டடம் என்றாலே கூடாது என்றில்லை. தலைவர் தன் உறவைக் குழுவிடம் எழுத்தில் சொல்ல வேண்டும், அந்த விவாதத்திலும் வாக்கெடுப்பிலும் கலந்துகொள்ளக் கூடாது. அவரை விட்டால் கூட்டம் செல்லுபடியாகத் தேவையான குறைந்தபட்ச வருகை தேறுமா என்று நிறுவனத்தின் துணை விதிகளில் பாருங்கள். அக்கம்பக்கத்து வாடகை என்ன என்பதும் தீர்மானத்தோடு பதிவாக வேண்டும்.

விலகுவதற்கு முன் துணை விதிகளின்படி கூட்டம் கூட்டச் சொல்லிச் செயலாளருக்குக் கடிதம் கொடுங்கள். வாய்ப்பேச்சு வேண்டாம், ஒப்புகை வாங்குங்கள். கூடினால், உங்கள் எதிர்ப்பைக் குறிப்பேட்டில் பெயரோடு பதியச் செய்யுங்கள். கூட்டத்தைக் கூட்டவே மாட்டோம் என்றால் விலகுங்கள். ஆனால் விலகல் பழைய கையெழுத்துகளை அழித்துவிடாது. கணக்குகளை ஒப்படைத்ததற்கு ரசீது வாங்குங்கள். பதிவு அலுவலகத்திலும் வங்கியிலும் உங்கள் பெயர் நீங்கியதா என்று நீங்களே போய்ப் பாருங்கள். அப்புறம், பழைய பக்கங்களைக் கிழிப்பதோ தேதியைத் திருத்துவதோ வேண்டவே வேண்டாம்.