ஷேப் மனப்பாடம், விரல் மட்டும் நகரவில்லை

கேள்வி: கிட்டாரில் ஏ மைனர் ஸ்கேலின் (ஏ சுரத்தை ச-வாகக் கொண்ட சுரவரிசை) ஐந்து ஷேப்களும், அதாவது விரல் வைக்கும் ஐந்து அமைப்புகளும், எனக்கு மனப்பாடம். ஆனால் வாசிக்க உட்கார்ந்தால் 5-வது ஃப்ரெட்டை (கழுத்தில் குறுக்கே பதித்த மெட்டு) விட்டு விரல் நகர மாட்டேன் என்கிறது. அதோடு, 2-வது கம்பிக்கு வந்தால் மட்டும் ஷேப் ஏன் கோணிக்கொள்கிறது?
– வாசகர், திண்டுக்கல்

பதில்: இரண்டாவது கேள்வியை முதலில் முடித்துவிடலாம். கிட்டாரில் தடித்த கம்பி 6-வது, மெல்லியது 1-வது. ஒரு கம்பியின் 5-வது ஃப்ரெட்டில்தான் அடுத்த மெல்லிய கம்பியின் சுரம் இருக்கும், நீங்களே அப்படித்தான் சுதி சேர்த்திருப்பீர்கள். 3-லிருந்து 2-க்குப் போகும்போது மட்டும் அது 4-வது ஃப்ரெட். அந்த ஒரு ஃப்ரெட் குறைவதால்தான் 2-வது கம்பியில் எல்லாமே ஒரு ஃப்ரெட் தள்ளி உட்காருகிறது.

சரி, நகர்வதற்கு வருவோம். ஐந்து ஷேப்களையும் ஐந்து தனித்தனி அறைகளாகப் படித்திருக்கிறீர்கள், அறைக்கு அறை கதவு எங்கே என்று யாரும் காட்டவில்லை. ஒரு வாரம் ஷேப்பையே மறந்துவிட்டு 5-வது கம்பியில் மட்டும் வாசியுங்கள்: எதையும் அழுத்தாத திறந்த கம்பிதான் உங்கள் ச, அப்புறம் 2, 3, 5, 7, 8, 10, கடைசியில் 12-ல் மேல் ச. வாசிக்கும்போது ச ரி க ம என்று வாய்விட்டுப் பாடுங்கள், இதை நான் கட்டாயமாகவே சொல்வேன், ஏனென்றால் இந்தச் சுரவரிசை நம் நடபைரவி ராகமேதான், காது ஏற்கெனவே அறிந்ததை விரல் சீக்கிரம் பிடித்துக்கொள்ளும்.

அடுத்து, ஐந்து சுரம் மட்டுமுள்ள ஏ மைனர் பென்டடானிக்கை எடுங்கள், நம் சுத்த தன்யாசி ராகத்தின் சுரங்கள். முதல் ஷேப்பில் 3-வது கம்பியில் 5, 7 வருகிறது, இரண்டாவது ஷேப்பில் அதே கம்பியில் 7, 9. பார்த்தீர்களா, 7-வது ஃப்ரெட் இரண்டுக்கும் பொது, கதவு அதுதான். மோதிர விரலை 7-ல் வைத்து, அழுத்தத்தை விடாமல் 9-க்கு இழுத்துக்கொண்டு போனால் நீங்கள் அடுத்த ஷேப்பில் நிற்பீர்கள். இதே மாதிரி பொதுவான ஃப்ரெட் மற்ற ஐந்து கம்பிகளிலும் இருக்கிறது, அதை நீங்களே தேடிக் கண்டுபிடியுங்கள்.

ச எங்கெங்கே இருக்கிறது என்பதும் தெரிந்திருக்க வேண்டும்: 6-வது கம்பியில் 5, 4-ல் 7, 2-ல் 10. எங்கே அலைந்தாலும் வாசிக்கும் இசை வாக்கியத்தை இவற்றில் ஒன்றில் கொண்டுவந்து முடியுங்கள்.

இதெல்லாம் கைக்கு வந்ததும் அந்த 5-வது கம்பியில் 10-க்குப் பதில் 11 வைத்துப் பாருங்கள், நடபைரவி கீரவாணி ஆகிவிடும், கிட்டார்க்காரர்கள் ஹார்மோனிக் மைனர் என்பார்கள்.