வக்காலத்தில் கையெழுத்துப் போட்டதோடு சரியா?

கேள்வி: கோவையில் சட்டக் கல்லூரியில் நான்காம் ஆண்டு படிக்கிறேன். வயது 21. ஐ.ஏ.எஸ். ஆகி மக்களுக்குச் சேவை செய்வது என் லட்சியம். முடியாவிட்டால் சிவில் ஜட்ஜ். எதற்கு முதலில் தயாராவது? டெல்லியில் கோச்சிங் சேரத் தோப்பு வருமானத்திலிருந்து பணம் தருவதாக அப்பா சொல்கிறார். ஆனால் வீட்டுச் சூழல் படிக்க விடவில்லை. தாத்தா 2016-ல் உயில் எழுதாமல் இறந்துவிட்டார். தென்னந்தோப்பில் பங்கு கேட்டு 2019-ல் அத்தை கேஸ் போட்டார். "1986-லயே கட்டிக் கொடுத்து, சீரெல்லாம் செஞ்சாச்சு, அவளுக்கு ஏது பங்கு" என்று அப்பா தினமும் கத்துகிறார். நான் அதில் தலையிடுவதில்லை. இரண்டு வருடம் முன்பு ஊருக்குக் கிளம்பும் அவசரத்தில், அப்பா நீட்டிய வக்காலத்தில் கையெழுத்துப் போட்டதோடு சரி. மனதை ஒருமுகப்படுத்திப் படிக்க வழி சொல்லுங்கள்.
(பெயர் வேண்டாம், பொள்ளாச்சி அருகில்)

பதில்:

அன்புத் தம்பிக்கு,

மனதை ஒருமுகப்படுத்தும் வித்தையெல்லாம் எனக்குத் தெரியாது. வீட்டுச் சண்டையால் படிக்க முடியவில்லை என்று எழுதும் பிள்ளைகள் ஏராளம். பாதிப் பேருக்கு நான் சொல்வது, காதில் பஞ்சை வைத்துக்கொண்டு படி என்பதுதான். உனக்கு அதைச் சொல்ல முடியாது. காரணம், அந்த வக்காலத்து.

வக்காலத்து என்பது 'எனக்காக இந்த வழக்கை நடத்து' என்று வக்கீலுக்குக் கொடுக்கும் அதிகாரப் பத்திரம். அதில் கட்சிக்காரர்தான் கையெழுத்துப் போடுவார், வேடிக்கை பார்ப்பவர் போடுவதில்லை. அப்படியென்றால் அந்த வழக்கில் நீ ஒரு பிரதிவாதி. பூர்வீகச் சொத்து என்று பாகம் கேட்டு வரும் பிராதுகளில், அதாவது வழக்கு மனுக்களில், பேரன்களையும் சேர்ப்பது வழக்கம். 2019-ல் உனக்கு 15 வயது. மைனர் என்பதால் அப்பாவைக் கார்டியனாகக் காட்டியிருப்பார்கள். 18 முடிந்ததும் நீ மேஜர் என்று கோர்ட்டில் பதிவு செய்து, உன் பெயரில் வக்காலத்து போட்டிருப்பார்கள். நான்கு வருடம் சட்டம் படித்தவனுக்கு இது நான் சொல்லியா தெரிய வேண்டும்? 'தலையிடுவதில்லை' என்கிறாய். உன் அத்தைக்குப் பங்கு கிடையாது என்று கோர்ட்டில் சொல்லிக்கொண்டிருப்பதே நீதான், அப்பாவோடு சேர்ந்து.

படிக்காமல் கையெழுத்துப் போட்டேன் என்று ஒரு விவசாயி எழுதியிருந்தால் பாவம் என்றிருப்பேன். நாளைக்குக் கருப்பு கவுனோடு நின்று, "இதில் இருப்பது உங்கள் கையெழுத்துதானே?" என்று சாட்சியை மடக்கப் போகிறவன் நீ!

சரி, அந்த வழக்குக் காகிதங்களில் என்ன இருக்கும் என்று பார்ப்போம். உன் அப்பா சொல்லும் 1986 கணக்கு எங்கிருந்து வந்தது என்று உனக்கே தெரியும். தமிழ்நாட்டில் 1989-ல் மகளுக்கும் கூட்டுக் குடும்பச் சொத்தில் சம உரிமை என்று திருத்தம் கொண்டுவந்தபோது, அந்த ஆண்டு மார்ச் 25-க்கு முன் கல்யாணமானவர்களை விட்டுவிட்டார்கள். ஊரில் பல அப்பாக்களும் அண்ணன்களும் இன்னும் அந்த வருடத்திலேயே நிற்கிறார்கள். 2005-ல் வந்த மத்தியத் திருத்தத்தில் இந்தக் கல்யாணக் கணக்கே இல்லை. மகளின் உரிமை பிறப்பாலேயே வருவது, 2005-ல் தகப்பன் உயிரோடு இருந்திருக்க வேண்டும் என்பதுகூட இல்லை என்று வினீதா சர்மா வழக்கில் உச்ச நீதிமன்றம் 2020 ஆகஸ்டில் சொல்லிவிட்டது. குடும்பச் சட்டத் தேர்வில் இதைப் பத்தி பத்தியாக எழுதி மார்க்கும் வாங்கியிருப்பாய்.

பூர்வீகமே இல்லை, தாத்தா சம்பாதித்து வாங்கிய தோப்பு என்றே வைத்துக்கொள். உயில் இல்லாமல் போனவரின் சொத்தில் மகனுக்கும் மகளுக்கும் சம பங்குதான். பாட்டி இருந்தால் அவருக்கும். அத்தை தன் பங்கை விட்டுக்கொடுத்து விடுதலைப் பத்திரம் எழுதிக் கொடுத்திருந்தாலோ, 2005 திருத்தம் கெடுவாக வைத்த 2004 டிசம்பர் 20-க்கு முன்பே பதிவான பாகப்பிரிவினை இருந்தாலோ கதை வேறு. அப்படி ஒன்று இருந்தால் உன் அப்பா சீரைப் பற்றிக் கத்த மாட்டார், பத்திரத்தைத் தூக்கிக் காட்டியிருப்பார்.

உன் அப்பாவைக் கெட்டவர் என்று நான் சொல்லவில்லை. தண்ணீர் இல்லாத வருடங்களில் போர் போட்டு, வெள்ளை ஈயும் வாடல் நோயும் வந்த மரங்களைக் காப்பாற்றி நின்றவர் அவர். அந்த உழைப்புக்கும் செலவுக்கும் கணக்கு கேட்பது நியாயம். தங்கையோடு உட்கார்ந்து பேசித் தீர்க்கும்போது அந்தக் கணக்கைத் தாராளமாக வைக்கலாம். ஆனால் உழைத்ததால் தங்கைக்குப் பிறந்த வீட்டில் பாத்தியதையே இல்லை என்பது எந்த ஊர் நியாயம்? சீர் கொடுத்து வாயை அடைக்கும் பழக்கத்தின் மேல் எனக்கு வெகுநாளாகக் கோபம் உண்டு. கல்யாணத்தில் போட்ட நகை கணவன் வீட்டுக் கடனுக்குப் போய்விடும். நிலம் அண்ணனிடம் நின்றுவிடும். அப்புறம் அவள் கேட்டால் பேராசைக்காரி.

நீ கேட்ட கோச்சிங்குக்கும் வருகிறேன். அந்தத் தோப்பு வருமானம் இன்னும் பிரிக்காத சொத்தின் வருமானம். அதில் அத்தையின் பங்கும் இருக்கிறது. பாகம் முடிவாகும்போது வருமானத்துக்கும் சேர்த்துக் கணக்கு கேட்பார்கள். அந்தப் பணத்தில் டெல்லிக்குப் போய்ப் பொதுச் சேவைக்குப் படிக்காதே. தமிழக அரசின் நான் முதல்வன் திட்டத்தில் தேர்வு வைத்து ஆயிரம் பேருக்கு மாதம் 7,500 ரூபாய் வீதம் 10 மாதம் யு.பி.எஸ்.சி. முதல்நிலைத் தேர்வுக்குப் படிக்கத் தருகிறார்கள். அதற்கு முயற்சி செய்.

ஜட்ஜ் பரீட்சைக்கு அவசரமே இல்லை. 2025 மே 20-ல் உச்ச நீதிமன்றம் மூன்று வருட வக்கீல் பிராக்டிஸைத் திரும்பக் கட்டாயமாக்கிவிட்டது. எப்படியும் கோர்ட்டுக்குப் போயாக வேண்டும். நல்ல சிவில் சீனியரிடம் சேர்ந்துகொண்டே யு.பி.எஸ்.சி.யையும் எழுது, சட்டத்தையே விருப்பப் பாடமாக எடுக்கலாம். இதற்கு மேல் இதில் யோசிக்க ஒன்றும் இல்லை. சப் கலெக்டராக நீ உட்கார்ந்தால் பட்டா மேல்முறையீடு உன் மேசைக்குத்தான் வரும். வாரிசுச் சான்றிதழில் மகள் பெயரை விட்டுவிட்டு வருகிற அண்ணன்மாரை அங்கே நீ நிறையவே பார்ப்பாய்.

இப்போது செய்ய வேண்டியது வேறு. வக்கீல் குமாஸ்தாவிடம் பிராதுக்கும் எதிருரைக்கும் நகல் வாங்கி, உன் பெயரில் என்னென்ன சொல்லியிருக்கிறார்கள் என்று வரி வரியாகப் படி. பிறகு அப்பாவிடம் தனியாகப் பேசு. அம்மாவை வைத்துக்கொண்டோ, சாப்பாட்டு நேரத்திலோ வேண்டாம். சட்டம் இன்னது, இதில் தோற்போம், யாருக்கு எவ்வளவு பங்கு என்று சொல்லும் முதல்நிலைத் தீர்ப்பாணை வந்த பிறகு, கோர்ட் கமிஷனர் போட்டு நிலத்தை அளந்து இறுதித் தீர்ப்பாணை வாங்க இன்னும் பல வருடம் ஓடும் என்று எடுத்துச் சொல். சமரச மையத்துக்கு அனுப்பச் சொல்லி மனு போடலாம் என்று கேள். அங்கே எந்த மரவரிசை யாருக்கு, கிணறு யாருக்கு, செலவுக் கணக்கு எவ்வளவு என்றெல்லாம் பேச முடியும். மக்கள் நீதிமன்றம் என்கிற லோக் அதாலத்தில் முடித்தால் கோர்ட் கட்டணமும் திரும்பக் கிடைக்கும், அப்பீலும் கிடையாது.

முதல் தடவை திட்டுவார். "உன்னைப் படிக்க வெச்சதுக்கு இதுவா" என்பார். திட்டு வாங்கிக்கொள். அப்பாவை ஊருக்கு முன்னால் விட்டுக் கொடுக்காமல் இருப்பது மகன் கடமை. அவர் செய்வது தப்பென்று தெரிந்தே கையெழுத்துப் போடுவது அந்தக் கடமையில் சேராது. கடைசிவரை அவர் இறங்கி வராவிட்டால், நீ தனி வக்கீல் வைத்து, அத்தையின் பங்கை ஒப்புக்கொள்கிறேன் என்று கோர்ட்டில் சொல்லலாம். அந்த வழி இருப்பதை நீ தெரிந்து வைத்துக்கொள், முதல் பேச்சிலேயே மிரட்டலாக வீசாதே.

அடுத்த வாய்தா என்றைக்கு என்று இ-கோர்ட்ஸ் செயலியில் பார். அன்று கல்லூரிக்கு லீவு போடு. பார் கவுன்சில் கேட்பது 70 சதவீத வருகைதான், ஒரு நாளில் குறைந்துவிடாது. அப்பாவோடு ஒரே பஸ்ஸில் போ. வராந்தாவில் அத்தை உட்கார்ந்திருந்தால், அப்பா பார்க்கும்படியே போய்ச் சாப்பிட்டாயா என்று கேள். கேஸ் பேச்சு அங்கே வேண்டாம்.