கிளெப் தேர்வு: செலவைக் குறைக்க என்ன வழி?

கேள்வி: வேலை பார்த்துக்கொண்டே இங்குள்ள ஒரு கல்லூரியில் இணையவழியில் இளங்கலை படிக்கிறேன். கல்லூரிப் பாட அறிவைச் சோதிக்கும் கிளெப் (CLEP) தேர்வில் தேறினால், அந்தப் பாடத்தைக் கல்லூரியில் படிக்காமலே பட்டத்துக்குச் சேரும் பாட மதிப்பான கிரெடிட் கிடைக்குமாம். நான்கைந்து எழுத ஆசை. செலவைக் குறைக்க முடியுமா?
– வாசகி, நியூ ஜெர்சி

பதில்: முடியும். ஒரு கிளெப் தேர்வுக்கு, அதை நடத்தும் காலேஜ் போர்டு அமைப்பு வாங்குவது நூறு டாலரை ஒட்டிய தொகை. தேர்வு மையம் தனக்கென்று வாங்கும் கட்டணம் தனி. அது மையத்துக்கு மையம் மாறும். முதல் தொகையை மாடர்ன் ஸ்டேட்ஸ் என்ற தொண்டு நிறுவனம் ஏற்றுக்கொள்கிறது. அதன் தளத்தில் இலவசக் கணக்கு தொடங்கி, எழுதப்போகும் தேர்வுக்கான பாடத்தை முடியுங்கள். பயிற்சிக் கேள்விகளில் குறைந்தது 75 சதவீதம் எடுத்தால் வவுச்சர், அதாவது கட்டணத்துக்கு ஈடான சீட்டு, கேட்கலாம். அதில் வந்த எண்ணை காலேஜ் போர்டு கணக்கில் பதியும்போது போட்டால் தேர்வுக் கட்டணம் கழிந்துவிடும். அவசரப்பட்டு முதலில் அட்டையில் கட்டிவிடாதீர்கள். பிறகு வரும் வவுச்சரை ஏற்கெனவே பணம் கட்டிய பதிவுக்குப் பயன்படுத்த முடியாது.

பதிவுச் சீட்டு கிடைத்துவிட்டால் இடமும் கிடைத்துவிட்டதாக நினைக்க வேண்டாம். மையத்தை அழைத்துத் தேதி தனியாக வாங்க வேண்டும். அருகிலுள்ள இரண்டு மூன்று கம்யூனிட்டி கல்லூரிகளில் மையக் கட்டணத்தை விசாரியுங்கள், வித்தியாசம் கணிசமாக இருக்கும். வீட்டிலிருந்தே எழுதலாம்தான், ஆனால் கண்காணிப்புக்குத் தனிக் கட்டணம் உண்டு.

நம்மவர்கள் கவனிக்க வேண்டியது பெயர். பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் விரிவாகவும் கணக்கில் வெறும் இனிஷியலாகவும் இருந்தால் தேர்வன்று வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடக்கூடும். மையக் கட்டணமும் போகும். காட்டப்போகும் அடையாள அட்டையில் உள்ளபடியே கணக்கைத் தொடங்குங்கள்.

இத்தனைக்கும் முன்னால் செய்ய வேண்டிய வேலை ஒன்று உண்டு, பெரும்பாலோர் அதைத்தான் தவறவிடுகிறார்கள். கல்லூரிப் பதிவாளர் அலுவலகத்துக்கு மின்னஞ்சல் அனுப்பி எழுத்தில் பதில் வாங்குங்கள்: இந்தத் தேர்வு உங்கள் பட்டத்தில் எந்தப் பாட எண்ணுக்கு ஈடாகும், எத்தனை மதிப்பெண் வேண்டும், தேர்வு வழியாக மொத்தம் எத்தனை கிரெடிட் ஏற்பார்கள், அவற்றைப் பதியக் கட்டணம் உண்டா? கிளெப் மதிப்பெண் 20 முதல் 80 வரை. பெரும்பாலான தேர்வுகளுக்கு அமெரிக்கக் கல்விக் குழு பரிந்துரைப்பது 50. கூடுதலாகக் கேட்கும் கல்லூரிகளும் உண்டு. கட்டாயப் பாடத்துக்கு ஈடாகும் என்று நம்பி எழுதியது வெறும் விருப்பப் பாடமாகப் பதிவானால், அந்தக் கட்டாயப் பாடத்துக்கு மறுபடி கல்விக் கட்டணம் கட்ட வேண்டியதுதான். வவுச்சரில் மிச்சம் பிடித்ததைப்போல் பல மடங்கு அதில் போய்விடும்.

கேள்வி: தோற்றால் என்ன ஆகும்?
– வாசகர், டெக்சாஸ்

பதில்: அதே தேர்வை மறுபடி எழுத மூன்று மாதம் பொறுக்க வேண்டும், மையக் கட்டணமும் மறுபடி. தவறான விடைக்கு மதிப்பெண் குறைக்க மாட்டார்கள். எந்தக் கேள்வியையும் விடாமல் குறியுங்கள். மாதிரித் தேர்வுகளை விலைக்கு வாங்குமுன் பொது நூலகத்தில் கேளுங்கள். பல நூலகங்கள் உறுப்பினர் அட்டை எண்ணைக் கொண்டே இணையத்தில் இலவசமாகத் தருகின்றன. மதிப்பெண்ணைப் பெறும் கல்லூரியைத் தேர்வு நேரத்திலேயே குறிப்பிட்டுவிட்டால் அதற்குச் செலவில்லை; பிறகு அனுப்பச் சொன்னால் கட்டணம்.

கேள்வி: தமிழ் தெரிந்ததற்குக் கிரெடிட் வாங்க முடியுமா?
– வாசகி, கலிஃபோர்னியா

பதில்: கிளெப்பில் மொழித் தேர்வுகள் பிரெஞ்சு, ஜெர்மன், ஸ்பானிஷ் மட்டுமே. தமிழுக்கு, மொழித்திறனை மதிப்பிடும் ஆக்ட்ஃபில் (ACTFL) என்ற அமெரிக்க அமைப்பின் வாய்மொழி நேர்காணலைப் பாருங்கள். தேர்வாளரோடு அரை மணி நேரம் வரை தமிழில் பேச வேண்டியிருக்கும். இதற்கு வவுச்சர் கிடையாது. ஆகவே பணம் கட்டுமுன், அதிகாரபூர்வச் சான்றுள்ள தமிழ் மதிப்பீட்டை ஏற்பார்களா, எந்த நிலைக்கு எத்தனை கிரெடிட் என்பதைக் கல்லூரியிடம் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.